நிரந்தர விலாசம்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவனிடம் ஓனர் கேட்கிற கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், “ஃபேமிலியா, பேச்சிலரா?” பேச்சிலர் என்றால் கேட் அங்கேயே பாதி சாத்திக்கொள்ளும். அடுத்து, “எங்கே வேலை?” மூன்றாவது, “சொந்த ஊர் எது?” இதில் ஊர் என்பது ஊர் இல்லை, உங்களுக்கே தெரியும். நாலாவது, “நான்வெஜ் சமைப்பீங்களா?” அப்புறம் தண்ணீர். “ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பீங்க?” என்று திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். உண்மையைச் சொல்வதா, வீடு கிடைக்கிற பதிலைச் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, “தேவைப்பட்டா மட்டும் சார்” என்றேன். வீடு கிடைக்கவில்லை.

இதையெல்லாம் தாண்டினால் அட்வான்ஸ். வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் சொல்கிறது. 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது. இதைப் புரோக்கரிடம் சொல்லிப் பாருங்கள். “சட்டம் வேற, வீடு வேற சார். பத்து மாசம் ரெடி பண்ணுங்க” என்பார்.

இவ்வளவும், மாசா மாசம் பேங்கில் சம்பளம் விழுகிற, ஒரு பெட்டி கேஸ்கூட இல்லாத உங்களுக்கும் எனக்கும். நேற்றுக் காலை புழல் ஜெயிலிலிருந்து வெளியே வந்த ஒருவர் இன்று அதே கேட்டில் நிற்கிறார் என்று வையுங்கள்.

“இதுக்கு முன்னாடி எங்கே குடியிருந்தீங்க?”

“கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ் சார்.”

“வாடகை?”

“கிடையாது. சாப்பாடும் அவங்களே. ராத்திரி பகலா செக்யூரிட்டி உண்டு.”

“அட! எத்தனை வருஷம்?”

“ஏழு.”

“இவ்வளவு வசதியை விட்டுட்டு ஏன் காலி பண்ணீங்க?”

“நன்னடத்தைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க சார்.”

சிரித்தாயிற்றா? இப்போது இதே விஷயத்தில் சிரிக்க முடியாத ஒரு கதை. ஜப்பானில் நடந்தது.

2005-ம் வருஷம் டிசம்பர் 30-ம் தேதி, ஃபுகுவோகா ஜெயிலிலிருந்து 74 வயதுக் கிழவர் ஒருவர் விடுதலையானார். டிசம்பர் 30 என்பதைக் கவனியுங்கள். ஜப்பானில் புத்தாண்டு என்பது நமக்குத் தீபாவளியும் பொங்கலும் சேர்ந்த மாதிரி. அரசாங்க ஆபீஸ் எல்லாம் பூட்டு. ஊரே குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வாரம். கிழவருக்குக் குடும்பம் இல்லை. கொஞ்சம் மூளை வளர்ச்சிக் குறைவு. வாழ்நாளில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஜெயிலில் கழித்தவர். வெளி உலகத்தில் தெரிந்த கட்டிடம் என்று அவருக்கு ஒன்று இருந்தால், அது ஜெயில்தான்.

எட்டு நாள் எப்படியோ ஓட்டினார். கிட்டக்யூஷு நகரத்தில் ஒரு வார்டு ஆபீசுக்குப் போய் உதவி கேட்டிருக்கிறார். ‘விலாசம்?’ என்று கேட்டார்கள். இல்லை. விலாசம் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முழுக்க வெறுங்கையோடு அனுப்பவில்லை, பாவம். ஒரு ரயில் டிக்கெட் கொடுத்தார்கள். ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஷிமோனோசெகி வரைக்கும். அந்த ஊரில் அவருக்கு யாராவது இருந்தார்களா? இல்லை. ஆனால் அந்த ஊர் இந்த வார்டில் இல்லை. ஆபீசில் வேலை பார்க்கிற உங்களுக்கு இந்த நுணுக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஃபைலை அடுத்த செக்‌ஷனுக்குத் தள்ளிவிடுவது என்பார்களே, அதேதான். இங்கே ஃபைலுக்குக் கால் இருந்தது.

ஜனவரி 7, 2006. விடிவதற்கு முன்னால், நல்ல குளிர். ஷிமோனோசெகி ஸ்டேஷனைப் பூட்டிவிட்டார்கள். கிழவர் ஸ்டேஷனுக்குத் தீ வைத்தார். 1942-ல் கட்டிய மரக் கட்டிடம். முக்கோணக் கூரையோடு ஊருக்கே அடையாளமாக இருந்த ஸ்டேஷன் எரிந்து விழுந்துவிட்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. போலீசிடம் அவர் சொன்ன காரணம் ரொம்பச் சின்னது. ஜெயிலுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அவரைப் போய்ப் பார்த்து எழுதியவர் யமமோட்டோ ஜோஜி. இவர் ஒரு முன்னாள் எம்.பி. அரசாங்கம் செயலாளருக்குக் கொடுக்கிற சம்பளத்தில் கை வைத்து, ஒன்றரை வருஷத் தண்டனை வாங்கி உள்ளே போனவர். (நம் ஊர் வாசகர்களுக்கு இதில் ஆச்சரியம் எம்.பி. கை வைத்ததில் இருக்காது. உள்ளே போனதில் இருக்கும்.) ஜெயிலில் அவருக்குக் கொடுத்த வேலை, நடக்க முடியாத, புத்தி தெளிவில்லாத கைதிகளைப் பார்த்துக்கொள்வது. அங்கேதான் அவருக்குக் கண் திறந்தது. பாதிப் பேர் ஜெயிலுக்கு வந்தது குற்றத்தின் ருசியால் இல்லை, வேறு போக்கிடம் இல்லாததால் என்று தெரிந்துகொண்டு, வெளியே வந்து அதையே எழுத ஆரம்பித்தார்.

அவர் கிழவரிடம் கேட்டாராம். ஜெயிலுக்குப் போவதுதான் நோக்கம் என்றால் தீ எதற்கு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவியிருக்கலாமே, ஏதாவது திருடியிருக்கலாமே என்று. கிழவர் பதறிவிட்டார். அந்த மாதிரிக் கெட்ட காரியமெல்லாம் தன்னால் செய்ய முடியாது என்றார். அப்படியானால் தீ வைப்பது கெட்ட காரியம் இல்லையா? கெட்டதுதான், ஒப்புக்கொண்டார். ஆனால் தீ வைத்தால் கண்டிப்பாக ஜெயிலில் சேர்த்துக்கொள்வார்கள். அவர் வாழ்க்கையில் அனுபவத்தில் கண்ட ஒரே நிச்சயம் அது.

கோர்ட் அவருக்குப் பத்து வருஷம் கொடுத்தது. கொடுக்கும்போது, இந்த வயதில், இந்தப் புத்தி நிலையில் உள்ளவரை எந்த ஆதரவும் இல்லாமல் வெளியே விட்டதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போடுகிற வியாதி உண்டு. ஒரு பக்கம், ஒரு கிழவருக்கு ஒரு பாயும் கூரையும் கொடுக்க ஆகிற செலவு. இன்னொரு பக்கம், கோடிக்கணக்கான யென் பெறுமான ஸ்டேஷன், தீயணைப்பு வண்டிகள், போலீஸ், இரண்டு வருஷ விசாரணை, பத்து வருஷ ஜெயில் சாப்பாடு. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த வார்டு ஆபீஸ் கணக்கில் இது லாபம். ஒரு ரயில் டிக்கெட்டோடு செலவு முடிந்தது. நஷ்டம் எழுதப்பட்டது வேறு ஒரு ஊரின் லெட்ஜரில்.

வீட்டு ஓனர்கள் விஷயமும் இதே மாதிரிதான். அவர்களை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. யார் இந்த ஓனர்? ரிடையர்டு ஹெட் கிளார்க். பி.எஃப். பணம், மனைவியின் நகை, பேங்க் லோன் எல்லாம் சேர்த்து ஒரு மாடி எழுப்பியிருக்கிறார். கீழே அவர், மாடியில் வாடகை. அந்த வாடகைதான் மருந்துச் செலவு. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண். கொலைக் கேசில் உள்ளே போய் வந்தவருக்கு மாடி போர்ஷனைக் கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்றால், அதைக் கல் நெஞ்சம் என்று ஏ.சி. ரூமில் உட்கார்ந்து நான் எழுதக்கூடாது. போதாததற்கு, 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேர் என்கவுன்டரில் செத்த பிறகு, வாடகைக்கு வருகிறவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று சென்னைப் போலீஸ் உத்தரவு போட்டது. அன்றிலிருந்து ஓனருக்கு வாடகைதாரர் என்றாலே வயிற்றில் கொஞ்சம் புளி.

ஒரு ஓனர் மறுப்பது ஜாக்கிரதை. தெருவில் இருக்கிற நாற்பது ஓனரும் மறுத்தால்? ஆடிட்டில் சில சமயம் இப்படி வரும். ஒவ்வொரு வவுச்சரும் சரி. தேதி சரி, கையெழுத்து சரி. மொத்தம் போட்டுப் பார்த்தால் மட்டும் ஒரு ரயில்வே ஸ்டேஷன் குறையும்.

அதுவும் நம் நாட்டில் ‘உள்ளே போனவன்’ என்ற ஒரே வார்த்தையில் எத்தனை ரகம் அடங்குகிறது பாருங்கள். 2022 கடைசியில் இந்திய ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள். இவர்களில் பலர் பிற்பாடு விடுதலையும் ஆவார்கள். ஓனருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ரிமாண்டு, தண்டனை, அப்பீலில் விடுதலை எல்லாம் அவர் அகராதியில் ஒரே பக்கம். இப்போது கேட்கவே வேண்டாம், பெயரை செல்போனில் தட்டினாலே பழைய தீர்ப்பு வந்து விழுகிறது. வழக்கிலிருந்து 2014-ல் விடுதலையான ஒருவர், அந்தத் தீர்ப்பில் என் பெயரை மறையுங்கள் என்று மதுரைக் கிளையில் கேட்டுப் பார்த்தார். 2021-ல் ‘முடியாது’, 2024 பிப்ரவரியில் அப்பீலில் ‘சரி’, அதே வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டில் ‘நிறுத்தி வை’. நிரபராதி என்ற தீர்ப்பையே ஒளித்துவைக்க அலைய வேண்டியிருக்கிறது மனுஷன்!

சரி, வெளியே வந்த பிறகுதானே வீடு கேள்வி என்று நினைக்கிறீர்களா? இல்லை சார். உள்ளே இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. ஜப்பானில் பரோலில் விட வேண்டுமென்றால் முதலில் ‘திரும்பிப் போகிற இடம்’ ஒன்றைக் காட்ட வேண்டும். பொறுப்பேற்க ஆள் வேண்டும். இரண்டும் இல்லாதவர் கடைசி நாள் வரைக்கும் உள்ளே. ஒழுங்காக நடந்துகொண்டதற்குச் சலுகை உண்டு. ஆனால் வீடு இருக்கிறவருக்குத்தான் அந்த ஒழுங்கு செல்லுபடியாகும். தமிழ்நாட்டிலும் கைதி லீவு கேட்டால் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரித்து ரிப்போர்ட் எழுதுவார். வீடே இல்லையென்றால் அவர் எங்கே போய் எந்தக் கதவைத் தட்டுவார்?

ஜாமீன் கதை இன்னும் பழசு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். அவரை ஜாமீனில் விடச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டது. கீழே மாஜிஸ்திரேட், பத்தாயிரம் ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கொண்டுவா என்றார். எழுபதுகளின் பத்தாயிரம்! கொத்தனாரின் அண்ணனோ தம்பியோ முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று திருப்பி அனுப்பினார் மாஜிஸ்திரேட். விஷயம் மறுபடி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1978-ல் ஜஸ்டிஸ் வி.ஆர்.கிருஷ்ண அய்யர் பத்தாயிரத்தை ஆயிரமாக்கி ஒரு வெளு வெளுத்தார். நம் தென்னாட்டுக்காரர் ஒருவரை வடக்கே எங்கோ ஒரு ஊரில் பிடித்துப் போட்டால், அந்த ஊரில் சொத்துள்ள ஆளுக்கு அவர் எங்கே போவார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஊருக்கு ஊர் வீடு கட்டி வைத்திருக்கிறவர்கள் வழக்கமாகக் கொத்தனார் வேலை பார்ப்பதில்லை. (ஊருக்கு ஊர் வீடு கட்டியவர்கள்தான் கொத்தனார்கள் என்றும் சொல்லலாம். அது வேறு கணக்கு.)

இன்றைக்கும் பேப்பரில் பார்க்கிறோம். ‘நிபந்தனை ஜாமீன். வேலூரில் தங்கி தினமும் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்திட வேண்டும்.’ அரசியல் பிரமுகர் என்றால் ஏ.சி. லாட்ஜ், வாசலில் கட்சிக்காரர்கள், கையெழுத்துப் போடப் போகும்போது பட்டாசு. கூலிக்காரருக்கு? ‘தங்கி’ என்ற அந்த மூன்று எழுத்துக்கு எத்தனை ரூபாய் ஆகும் என்று யாராவது கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

“ஏன் சார், அம்மா வீட்டுக்குப் போகலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. பெற்ற மனம். திட்டிக்கொண்டே சோறு போடும். ஆனால் அந்த அம்மாவும் வாடகை வீட்டில் இருந்தால்? “பையன் வந்திருக்கானாமே...” என்று ஓனர் இழுத்தாலே போதும், அடுத்த மாதம் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில்.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே போட்டார்கள். அங்கே அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கிற குடியிருப்புகளில், குடும்பத்து ஆளோ வந்த விருந்தாளியோ போதை மருந்து சமாசாரத்தில் மாட்டினால் மொத்தக் குடும்பத்தையும் காலி பண்ணலாம் என்று 1988 சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி. 1996-ல் கிளின்டன் இதையே, ஒரு தப்பு பண்ணினால் வெளியே என்று பேஸ்பால் பாஷையில் முழக்கினார். ஓக்லாண்டில் 63 வயதுப் பாட்டிக்கு நோட்டீஸ் வந்தது. அவருடைய மகள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி கொகெய்னோடு பிடிபட்டார். 75 வயது ஊனமுற்ற பெரியவர் ஒருவருக்கும் நோட்டீஸ்; அவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆளிடம் சரக்கு இருந்ததாம். ‘எங்களுக்குத் தெரியவே தெரியாதே’ என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2002-ல் தீர்ப்பு. தெரியாவிட்டாலும் காலி பண்ணலாம். விசாரித்த எட்டு நீதிபதிகளும் ஒரே குரல். இதற்கப்புறம் ஜெயிலிலிருந்து மகன் வந்து கதவைத் தட்டினால், உள்ளே இருக்கிற தாய் என்ன செய்வாள்? திறந்தால் இருவருக்கும் வீடு போகலாம். திறக்காவிட்டால் ஒருவருக்கு மட்டும். அங்கே ஒரு ஆய்வு அமைப்பு 2018-ல் கணக்குப் பார்த்தது. ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் வீடில்லாமல் திண்டாடுவது மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு அதிகம்.

அதே அமெரிக்காவில்தான் இப்போது வேறு ஒரு வித்தையும் செய்கிறார்கள். நியூஜெர்சியில் 2022 ஜனவரியிலிருந்து, நியூயார்க் நகரத்தில் 2025 ஜனவரியிலிருந்து. ஓனர் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை, வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான். முதலில் ஆளைப் பார், வருமானத்தைப் பார், வாடகை கட்ட முடியுமா பார். திருப்தி என்றால் ‘வீடு உங்களுக்கு’ என்று சொல்லு. அதற்கப்புறம்தான் பழைய கேசைப் பற்றி விசாரிக்கலாம். அதிலும் ரொம்பப் பழசையெல்லாம் கிளறக்கூடாது. சில கொடிய குற்றங்களுக்கு விலக்கு உண்டு. மறுப்பதென்றால் காரணம் சொல்லி மறுக்க வேண்டும்.

இதில் என்ன பெரிய மாறுதல் என்று முதலில் எனக்கும் தோன்றியது. வீடு தேடிப் பழகினவர்கள் யோசித்தால் புரியும். கேள்வி முதலில் வந்தால் ஆள் தெரியமாட்டார், கேஸ் மட்டும்தான் தெரியும். அரை மணி நேரம் பேசி, காபி குடித்து, “ஆள் பரவாயில்லை” என்று மனைவியிடம் சொன்ன பிறகு கேஸ் தெரிந்தால், ‘அடடா, எப்போ நடந்தது? எதனால?’ என்று கேட்கத் தோன்றும். சியாட்டில்காரர்கள் இதைவிட வேகமாக 2017-ல் கேட்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். 2023-ல் அப்பீல் கோர்ட், கேட்கவே கூடாது என்பது ஓனரின் பேச்சுரிமைக்கு விரோதம் என்று அந்தப் பகுதியை அடித்துவிட்டது. வரிசையை மாற்றுவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

இங்கிலாந்துக்காரர்கள் செய்தது இன்னும் சின்ன காரியம். நமக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் சினிமா. அங்கே கைதி. விடுதலை தேதி சனி, ஞாயிறில் விழுந்தால் முன்கூட்டி வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுவார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் கும்பல். கையில் கொஞ்சம் காசு, ஒரு பிளாஸ்டிக் பையில் துணிமணி. வீட்டுக்கு மனுப் போட வேண்டிய கவுன்சில் ஆபீஸ், மருந்து எழுத டாக்டர், கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி என்று மூன்று இடங்களுக்கு மாலைக்குள் ஓட வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் திங்கட்கிழமை வரை பிளாட்பாரம். மூன்று ராத்திரி பிளாட்பாரத்தில் படுத்தால் பழைய சிநேகிதர்கள் வந்து எழுப்புவார்கள். இதைப் பல வருஷம் பலர் கத்திச் சொல்லி, 2023-ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. வெள்ளிக்கிழமை விழுகிற ரிலீசை இரண்டு நாள் முன்னாலேயே கொடுக்கலாம் என்று. சுருங்கச் சொன்னால், ஆபீஸ் திறந்திருக்கிற நாளில் ஆளை வெளியே அனுப்பு. இதற்கு ஒரு பார்லிமென்ட் வேண்டியிருக்கிறது!

ஷிமோனோசெகிக் கிழவர் டிசம்பர் 30-ல் இல்லாமல் ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ வந்திருந்தால்? நானாகத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் ஜப்பானுக்கு இது புதுப் பாடம் இல்லை. நூற்று முப்பது வருஷத்துக்கும் முன்னால், 1888-க்கு முந்தி, ஷிஸுவோகா ஜெயிலில் ஒரு முரட்டுக் கைதி. அதிகாரி ஒருவர் பேசிப் பேசி அவரைத் திருத்தினார். பத்து வருஷம் கழித்து நல்ல மனிதராக வெளியே வந்து வீட்டுக்குப் போனார். மனைவி இன்னொருவரோடு வாழ்ந்துகொண்டிருந்தாள். சித்தப்பா வீட்டில் சேர்க்கவில்லை. இனி குற்றம் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. படுக்க இடமும் இல்லை. அதிகாரிக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுக் குளத்தில் விழுந்து செத்துப் போனார் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டு ஆடிப்போன கிம்பாரா மெய்ஸென் என்ற பணக்காரர், 1888-ல் விடுதலையானவர்களுக்கு இடமும் துணையும் கொடுக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார். இன்று ஜப்பானில் சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிற தொண்டர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல் உண்டு. அவ்வளவு பேர் இருந்தும் அந்தக் கிழவர் கை நழுவி விழுந்தார். காரணம் சாதாரணம். தண்டனையை முழுசாக முடித்து வந்தவர் அவர். பரோலில் வந்தால்தான் தொண்டரின் கண்காணிப்பு. வீடு இல்லாததால் பரோல் இல்லை. பரோல் இல்லாததால் துணை இல்லை.

ஸ்டேஷன் எரிந்ததும்தான் விழித்துக்கொண்டார்கள். 2009-லிருந்து மாகாணத்துக்கு ஒரு மையமாவது திறந்தார்கள். வயதானவர், ஊனமுற்றவர், போக்கிடம் இல்லாதவர் என்றால், விடுதலைக்குப் பல மாதம் முன்னாலேயே ஜெயிலுக்குள் போய்ப் பேசி, வெளியே இடம் பார்த்து, உதவித்தொகைக்கு மனு எழுதி வைத்துவிடுகிறார்கள்.

நம் ஊரிலும் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பாவம். விடுதலையடைந்த கைதிகளுக்கு உதவ தமிழ்நாட்டில் ஒரு சங்கம் உண்டு. ஜெயிலுக்குள் தொழில் கற்றுத் தருகிறார்கள். புழலில், வேலூரில் ரோட்டோரமாகச் சிறைத்துறையே பெட்ரோல் பங்க் நடத்துகிறது. கைதிகள்தான் பெட்ரோல் போடுகிறார்கள். அளவு சுத்தம் என்று சொல்லி, கொஞ்சம் சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்று அங்கே போய்ப் போட்டுக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். “ஜீரோ பாத்துக்குங்க சார்” என்கிறார், நாமும் பார்த்துக்கொள்கிறோம். நம் வண்டிக்குள் பெட்ரோல் ஊற்றுகிற கை. நமக்குப் பயமில்லை. அதே கை நாளைக்கு நம் வீட்டு மாடி போர்ஷனுக்குச் சாவி கேட்டு நீண்டால், நாம் என்ன சொல்வோம் என்பதை அவரவர் வீட்டில் மனைவியோடு பேசிப் பாருங்கள். நான் பேசினேன். இரண்டு நாளாகப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

கிழவர் கதையின் மீதியைச் சொல்லிவிடுகிறேன். கிட்டக்யூஷுவில் ஒகுடா டொமோஷி என்று ஒரு பாதிரியார். வீடில்லாதவர்களுக்காக அமைப்பு நடத்துகிறவர். கிழவர் உள்ளே இருக்கும்போதே போய்ப் பார்த்தார். வெளியே வந்தால் நான் பொறுப்பு என்று சொன்னார். 2016-ல் கிழவர் 84 வயதில் விடுதலையானார். இந்தத் தடவை ‘எங்கே போகப் போகிறீர்கள்’ என்ற கட்டத்தில் எழுதுவதற்கு ஒரு பதில் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ரயில் டிக்கெட் கொடுத்து அனுப்பின அதே கிட்டக்யூஷுவில், கதவும் சாவியும் உள்ள ஒரு அறை. பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர்.